சண்டர்லாந்து இந்த சீசன் தப்புமா?

2025-26 சீசன் தொடங்கும் முன் மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எட்டு வருஷம் கழித்து சண்டர்லாந்து இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரிமியர் லீக்குக்கு ஏறி வந்திருக்கிறது. அப்பா காலத்திலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அதுதான் அணி. ஆனால் கடந்த இரண்டு சீசனிலும் ஏறி வந்த மூன்று அணிகளும் ஒரே வருஷத்தில் கீழே போய்விட்டன. மாமாக் கடையில் ஒருத்தர் விடாமல் கிண்டல் செய்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ரொட்டி சானாய் வாங்கித் தருவதாகப் பந்தயம் வேறு கட்டியாகிவிட்டது. "தப்புமா? 40 புள்ளி எடுத்தால் போதுமா? உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே" என்கிறார்.

தப்பும், அதாவது கடைசி மூன்று இடத்தில் விழாமல் பிரிமியர் லீக்கிலேயே நிற்கும் என்பதுதான் என் கணிப்பு. பத்துக்கு ஆறு பங்கு நம்பிக்கை, நாலு பங்கு பயம். ஆனால் நீங்கள் பயப்படும் காரணம் வேறு, நான் பயப்படும் காரணம் வேறு.

முதலில் அந்த இரண்டு சீசன்களைப் பார்த்துவிடலாம். 2023-24-ல் லூட்டன் 26 புள்ளி, பர்ன்லி 24, ஷெஃபீல்டு யுனைடெட் 16. மூன்றையும் கூட்டினால் 66. ஷெஃபீல்டு அந்த ஒரே சீசனில் 104 கோல் வாங்கியது. அடுத்த வருஷம் லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுத்தாம்ப்டன் 12. மொத்தமே 59 புள்ளி. இதைப் பார்த்துவிட்டு ஏறி வருகிறவனுக்கு இனி வாழ்வே இல்லை என்று பேசுவது புரிகிறது. ஆனால் பிரிமியர் லீக் தொடங்கிய 1992-லிருந்து பார்த்தால், ஏறி வந்த மூன்றும் சேர்ந்து இறங்கியது மூன்றே தடவைதான்: இந்த இரண்டு, அப்புறம் 1997-98. மூன்றும் சேர்ந்து தப்பியது நான்கு தடவை: 2001-02, 2011-12, 2017-18, 2022-23. கடைசியாகச் சொன்னது நேற்று நடந்த மாதிரி. ஃபுல்ஹாம் 10-வது இடம், போர்ன்மத் 15, நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் 16. நீண்ட காலக் கணக்கில் ஏறி வந்தவர்களில் பாதிக்கு மேல் முதல் வருஷம் தப்பித்தவர்களே.

40 புள்ளிக் கதைக்கு வருவோம். வர்ணனையாளர்கள் வருஷா வருஷம் ஓதும் மந்திரம் இது. சண்டர்லாந்து ரசிகர் அதை நம்பவே கூடாது. 1996-97 சீசனில் சரியாக 40 புள்ளி எடுத்து 18-வதாக வந்து கீழே போன அணி சண்டர்லாந்துதான். அடுத்த சீசனில் போல்ட்டனும் 40 எடுத்தது, எவர்டனும் 40, கோல் வித்தியாசத்தில் போல்ட்டன் போனது. 2003-ல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. இந்தப் பக்கம் பார்த்தால், 2023-24-ல் ஃபாரஸ்டுக்கு நான்கு புள்ளி வெட்டினார்கள், மிஞ்சியது 32, அதுவே தப்பப் போதுமாக இருந்தது. போன சீசனில் லெஸ்டருக்கு மேலே நிற்க 26 போதும். அவ்வளவு மலிவாக இந்த வருஷமும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. நான் 36 என்று வைத்துக்கொள்கிறேன். 38 ஆட்டத்தில் ஒன்பது வெற்றி (தலா மூன்று புள்ளி), ஒன்பது சமநிலை (தலா ஒன்று), மீதி இருபதும் தோல்வி. ஆமாம், இருபது ஆட்டம் தோற்றுவிட்டும் மேலேயே இருக்கலாம். இதை இப்போதே மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்று தோல்விக்குப் பிறகு மாமாக் கடைப் பக்கமே போக மாட்டீர்கள்.

சண்டர்லாந்தின் சொந்த வரலாறு எந்தப் பக்கம் சாய்கிறது? எந்தப் பக்கமும் இல்லை. பிரிமியர் லீக்குக்கு இதற்கு முன் நான்கு தடவை ஏறியிருக்கிறார்கள். 1996-ல் ஏறியதும் இறங்கினார்கள், மேலே சொன்ன 40 புள்ளிக் கதை. 1999-ல் 105 புள்ளியோடு ஏறி நேராக 7-வது இடம். கெவின் ஃபிலிப்ஸ் அந்த சீசனில் 30 கோல் அடித்தார். உங்கள் அப்பாவைப் பிடித்த பேய் அதுவாகத்தான் இருக்கும். 2005-ல் ஏறி 15 புள்ளியோடு அவமானப்பட்டுத் திரும்பினார்கள். 2007-ல் ராய் கீன் கையில் ஏறி 39 புள்ளி எடுத்து 15-வதாக நின்றார்கள். இரண்டு தடவை பிழைப்பு, இரண்டு தடவை சாவு.

சரி, எது தீர்மானிக்கிறது? என் பதில் ஒன்றுதான்: மேலே ஏற்றிவிட்ட ஆட்டத்தையும் ஆட்களையும் விட்டுவிட அந்த அணிக்கு மனசு வருகிறதா என்பது. பணம், பயிற்றுநர், ரசிகர் கூட்டம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் முதல் இடத்துக்கு வரும் அணியிடம் ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து இருக்கும். எதிரணி தன் பாதித் திடலில் ஒடுங்கி நிற்கும். தற்காப்பு ஆட்டக்காரர்களின் வேலை பந்தை நகர்த்திக்கொண்டே இருப்பது. பிரிமியர் லீக்குக்கு வந்ததும் நிலைமை தலைகீழ். பந்து பெரும்பாலும் எதிரணியிடம். அதே தற்காப்பு ஆட்டக்காரர் தொண்ணூறு நிமிஷம் ஓடி ஓடி அடைக்க வேண்டும். அது அவர் போன வருஷம் அதிகம் செய்யாத வேலை. பத்து வாய்ப்பில் இரண்டு கோல் அடித்த தாக்குதல் ஆட்டக்காரருக்கு இப்போது கிடைப்பது இரண்டு வாய்ப்பு. தன் கோல் கம்பத்தருகே ஒரு பாஸ் தப்பினால் சாம்பியன்ஷிப்பில் எதிரணி பதறி வெளியே அடிக்கும், இங்கே வலைக்குள் போய்விடும்.

பர்ன்லியைப் பாருங்கள். 2022-23-ல் வின்சென்ட் கொம்பனி தலைமையில் 101 புள்ளி. அழகான ஆட்டம், கீழிருந்து பாஸ் பாஸாகக் கட்டி வருவார்கள். மேலே வந்தும் அதே ஆட்டம். 24 புள்ளி. (அப்படி இறங்கியவரை உடனே பயர்ன் மியூனிக் கூட்டிப்போனது. காற்பந்தில் நியாயம் தேடாதீர்கள்.) அடுத்த வருஷம் சவுத்தாம்ப்டனில் ரஸ்ஸல் மார்ட்டின் இன்னும் பிடிவாதம். கோல்காவலர் காலிலிருந்து தொடங்கி, பந்தைப் பறிகொடுத்து, கோல் வாங்கி, மறுபடியும் கோல்காவலர் காலிலிருந்தே தொடங்குவார்கள். டிசம்பரில் அவரை அனுப்பினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில், ஏழு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே அணி இறங்கிவிட்டது. பிரிமியர் லீக்கில் அவ்வளவு சீக்கிரம் யாரும் இறங்கியதில்லை.

எதிர்ப்பக்கம் 2022-ல் ஃபாரஸ்ட். ஏறிய கோடையிலேயே இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். உலகமே சிரித்தது. 38 புள்ளி, தப்பினார்கள். போர்ன்மத் அதே சீசனில் லிவர்பூலிடம் 9-0 என்று தோற்றதும், மேலே ஏற்றிவிட்ட பயிற்றுநர் ஸ்காட் பார்க்கரை நான்காவது ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. நன்றி கெட்டவர்கள் என்று திட்டினார்கள். கேரி ஓ'நீல் வந்து 39 புள்ளியோடு 15-வது இடத்தில் நிறுத்தினார்.

இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று நம் பக்கம் தோட்ட அணி நடத்திய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாவட்டப் போட்டியில் மேல் பிரிவுக்குப் போனதும் வெளியிலிருந்து இரண்டு நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவர வேண்டும். அப்படியென்றால் உள்ளே இருக்கும் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார வேண்டும். அதில் ஒருவன் போன வருஷம் கடைசி ஆட்டத்தில் கோல் அடித்தவனாக இருப்பான். அவன் அம்மாவை வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பார்த்தே ஆக வேண்டும். நானும் சில காலம் இப்படி ஓர் அணியைப் பார்த்துக்கொண்டவன். செம்பனைக் குலை வெட்டிவிட்டு மூன்றரை மணிக்குத் திடலுக்கு வருகிற பையனிடம் "இந்த வாரம் நீ இல்லை" என்று சொல்வது சுலபம் இல்லை. பவுண்டில் சம்பளம் வாங்கும் பயிற்றுநருக்கும் அதே மனசுதான்.

அதனால்தான் இந்தக் கோடையில் சண்டர்லாந்து செய்ததைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வருகிறது. கிரானிட் ஷாக்காவை லெவர்குசனிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். ஆர்சனலில் ஏழு வருஷம் அடி வாங்கி, அடி கொடுத்து, அப்புறம் ஜெர்மனியில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற அணியின் மத்தியத் திடலை நடத்தியவர். வரும்போது வயது 32. ஓட்டம் குறைந்திருக்கும், ஆனால் எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், எப்போது வேண்டுமென்றே ஒரு ஃபவுல் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர். இளைஞர்கள் நிறைந்த அணிக்கு இதுதான் இல்லாமல் இருந்தது. ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ஹபீப் டியாரா, பெல்ஜியத்தின் யூனியன் சான்ஜில்வாஸிலிருந்து நோவா சடிக்கி, கிளப் புரூகேயிலிருந்து ஷெம்ஸ்டின் தால்பி, பிரைட்டனிலிருந்து சைமன் அடிங்ரா, அத்லெட்டிக்கோ மட்ரிட்டிலிருந்து ரெய்னில்டோ. செலவு 100 மில்லியன் பவுண்டைத் தாண்டிவிட்டது.

எனக்கு மிகப் பிடித்தது கோல்காவலர் விஷயம். ஆண்டனி பாட்டர்சன் அந்த ஊர் அகாடமியில் வளர்ந்த பையன். மேலே ஏற்றிவிட்ட வெம்ப்ளி இறுதியாட்டத்தில் கம்பத்தைக் காத்தவர். அவர் இருக்கும்போதே நெதர்லாந்தின் என்.இ.சி. அணியிலிருந்து ராபின் ரூஃப்ஸை வாங்கியிருக்கிறார்கள். செண்டிமெண்ட் பார்க்கவில்லை. நமக்கு கோல்காவலர் என்றால் இன்னமும் பழைய மலேசிய அணியின் "ஸ்பைடர்மேன்" ஆறுமுகம்தான், ஆனால் ஒரு நல்ல கோல்காவலர் சீசனுக்கு ஆறேழு புள்ளி சம்பாதித்துத் தருவார் என்பதை இறங்கும் அணிகள் எப்போதும் தாமதமாகத்தான் புரிந்துகொள்கின்றன.

இன்னொன்று, இவர்கள் ஏறி வந்த விதம். இதைத்தான் கிண்டல் செய்கிறவர்கள் தூக்கிப் பிடிக்கிறார்கள். லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்கு 100 புள்ளி. பர்ன்லி 46 ஆட்டத்தில் வாங்கிய கோல் வெறும் 16. சண்டர்லாந்து 76 புள்ளியோடு 4-வது இடம், கடைசி ஐந்து லீக் ஆட்டமும் தோல்வி. 3 முதல் 6-வது இடம் வரை வந்தவர்கள் ஏறும் கடைசி இடத்துக்கு மோதும் ப்ளே-ஆஃபில் கோவென்ட்ரியை 120 நிமிஷத்துக்கு அப்புறம் டேன் பல்லார்ட் தலையால் முட்டிய கோலில் தாண்டினார்கள். இறுதியாட்டத்தில் ஷெஃபீல்டிடம் பின்தங்கி, மயெண்டா சமன் செய்து, தொண்ணூறு நிமிஷம் தாண்டி நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிஷங்களில் டாமி வாட்சன் அடித்து 2-1. அதிர்ஷ்டம் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: பந்து எதிரணியிடம் இருக்க, பொறுமையாக அடைத்து நின்று, கிடைத்த ஒரு வாய்ப்பில் அடித்தவை. பிரிமியர் லீக்கில் கீழ்ப் பாதி அணிக்குத் தேவையான பழக்கம் அதுதான். 100 புள்ளி எடுத்தவர்கள் அதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

பணம் மட்டும் போதுமா என்றால், இப்ஸ்விச்சைக் கேளுங்கள். அவர்களும் 100 மில்லியனுக்கு மேல் செலவழித்தார்கள். சொந்தத் திடலில் சீசன் முழுக்க ஒரே ஒரு வெற்றி, செல்சியோடு. பெரும்பாலும் சாம்பியன்ஷிப்பில் நன்றாக ஆடியவர்களையே வாங்கினார்கள். அதாவது ஏறி வந்த அணியையே இன்னொரு முறை வாங்கினார்கள். சண்டர்லாந்து வாங்கியவர்களில் பலர் ஐரோப்பாவின் முதல் பிரிவுகளில் ஆடியவர்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

செலவழிக்கவும் எல்லை உண்டு. பிரிமியர் லீக்கின் 2025-26 விதிப்படி மூன்று வருஷத்தில் 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம், வருஷத்துக்கு 35. ஆனால் சாம்பியன்ஷிப்பில் இருந்த வருஷத்துக்கு 13 மில்லியன்தான் அனுமதி. ஆக, புதிதாக ஏறி வந்தவருக்கு 35, 13, 13 சேர்த்து 61. அதே திடல், அதே எதிரணி, கையில் பாதிக்குச் சற்று மேல்தான் காசு. ஃபாரஸ்டுக்கு நான்கு புள்ளி வெட்டியது இந்த 61-ஐ 34.5 மில்லியன் தாண்டியதற்காக. ஜோப் பெல்லிங்ஹாமை டோர்ட்முண்டுக்கும், வெம்ப்ளி நாயகன் வாட்சனை பிரைட்டனுக்கும் விற்றது ஏன் என்று கேட்டால் இதுவும் ஒரு காரணம். வாட்சன் மாதிரி சொந்த அகாடமிப் பையனை விற்றால் வரும் காசு முழுக்கக் கணக்கில் லாபம்.

நம் ஊரில் காசுக் கதை இதைவிட மோசம். சுங்கை சிப்புட்டில் மஞ்சள் கறுப்பு ஜெர்சி இல்லாத வீடு குறைவு. 2002, 2003 என்று அடுத்தடுத்து லீக் பட்டம் வென்ற பேராக் அது. 2021-ல் இறங்கியது, 2023-ல் இரண்டு பிரிவும் ஒன்றானதும் மேலே வந்தது, 2025-ல் மலேசியாவின் முதல் பிரிவான சூப்பர் லீக்கிலிருந்தே விலகிவிட்டது. இன்னொரு மாநில அணியான கெடாவுக்கு லீக்கில் ஆட உரிமம் கிடைக்கவில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்திலிருந்து முளைத்த பிஜே சிட்டி 2019-ல் சூப்பர் லீக்குக்குப் போனது, பிந்திய வருஷங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமலே சமாளித்தது, கடைசியில் 2022-க்குப் பிறகு தானே விலகிக்கொண்டது. இங்கே ஓர் அணியைக் கீழே தள்ளுவது புள்ளிப்பட்டியல் இல்லை, கணக்குப் புத்தகம். அதனால்தான் ஒழுங்காக ஆடி ஒழுங்காக இறங்குகிற லீக்கைப் பார்க்க நாம் நள்ளிரவு வரை முழித்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தப்புவதற்கு நீங்கள் நல்லவராக இருக்க வேண்டியதில்லை, மூன்று பேர் உங்களைவிட மோசமாக இருந்தால் போதும். யார் அந்த மூன்று பேர்? கூட ஏறியவர்களில் இருந்து தொடங்குவோம். இந்த 2025-26 சீசன் தொடக்கத்தில் பர்ன்லி பயிற்றுநர் அதே ஸ்காட் பார்க்கர். 2020-21-ல் ஃபுல்ஹாமோடு 28 புள்ளியில் இறங்கியவர், அப்புறம் போர்ன்மத்தில் நான்கே ஆட்டம். லீட்ஸின் டேனியல் ஃபார்க்க நோரிச்சோடு 2019-20-ல் 21 புள்ளியில் கடைசி இடம், மறுபடி ஏறி நவம்பரிலேயே வேலை போனது. நம் சண்டர்லாந்து பயிற்றுநர் ரெஜி லெ பிரி மட்டும் என்ன, பிரான்சில் 2023-24-ல் லோரியோனோடு இறங்கியவர்தான். மூன்று பேருமே இறங்கிப் பார்த்தவர்கள். ஆகவே இந்த விஷயத்தில் யாருக்கும் யாரும் மேல் இல்லை. லீட்ஸ் தப்ப வாய்ப்பு உண்டு, பர்ன்லிக்குக் குறைவு என்பேன்.

ஏற்கெனவே மேலே இருப்பவர்களில் வுல்வ்ஸ் கூன்யாவையும் ஐத்-நூரியையும் மான்செஸ்டரின் இரண்டு அணிகளுக்கும் கொடுத்துவிட்டது. பிரென்ட்ஃபோர்டில் பயிற்றுநர் தாமஸ் ஃபிராங்க் போய்விட்டார், எம்பெமோ போய்விட்டார், கேப்டன் நோர்கார்டும் போய்விட்டார். வெஸ்ட் ஹாம் குடுஸை விற்றுவிட்டது. போர்ன்மத்தின் தற்காப்பு வரிசையிலிருந்து ஹைசன், கெர்கெஸ் கிளம்பிவிட்டார்கள். போன இரண்டு வருஷமும் இப்படி நான்கு அணிகள் ஒரே கோடையில் தளர்ந்து நின்றதாக எனக்கு நினைவில்லை. வுல்வ்ஸ் விஷயத்தில்தான் எனக்கு அதிகச் சந்தேகம்.

என் பயம் எங்கே என்றால், இரண்டு இடத்தில். ஒன்று, கோல் அடிக்க ஆள். மயெண்டாவும் இசிடோரும் துடிப்பானவர்கள், ஆனால் இருவருமே பிரிமியர் லீக்கில் ஆடியதில்லை. போன சீசன் லெஸ்டர் சொந்த அரங்கில் தொடர்ந்து எட்டு ஆட்டத்துக்கும் மேல் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. தற்காப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படி ஒரு வறட்சி வந்தால் முடிந்தது. செப்டம்பர் முதல் தேதி சந்தை மூடுவதற்குள் ஒரு பலசாலித் தாக்குதல் ஆட்டக்காரரை வாங்கவில்லை என்றால் என் பத்துக்கு ஆறு, ஐந்தாகக் குறையும்.

இரண்டாவது, டிசம்பர் கடைசியில் மொராக்கோவில் தொடங்கும் ஆப்பிரிக்கக் கிண்ணம். டியாரா செனகல், சடிக்கி காங்கோ ஜனநாயகக் குடியரசு, ரெய்னில்டோ மொசாம்பிக், தால்பி மொராக்கோ, அடிங்ரா ஐவரி கோஸ்ட். ஐந்து நாடும் தகுதி பெற்றிருக்கின்றன. எல்லாரையும் அழைத்துவிட்டால் ஜனவரி நடுப்பகுதி வரை அணி பாதி காலி. ஆட்டங்கள் நெருக்கமாக வரும் நேரம் வேறு. மற்றவர்கள் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு இதுதான் பெரிய ஓட்டை. அதற்கு முன்பே 18, 20 புள்ளி சேர்த்திருக்க வேண்டும்.

நல்ல வேளை, அட்டவணை கை கொடுக்கிறது. முதல் மூன்று ஆட்டம் சொந்த அரங்கில் வெஸ்ட் ஹாம், வெளியே பர்ன்லி, திரும்ப வீட்டில் பிரென்ட்ஃபோர்டு. மேலே நான் எண்ணிய அணிகளே. இவற்றில் ஜெயித்தால் மூன்று புள்ளி வருவதோடு, பக்கத்தில் நிற்பவன் அந்த மூன்றை இழக்கிறான். அக்டோபரில் வுல்வ்ஸும் சண்டர்லாந்துக்கு வருகிறது. நவம்பரிலிருந்துதான் ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி என்று வரிசையாக இடி. டிசம்பர் நடுவில் பக்கத்து ஊர்ப் பரம எதிரி நியூகாசல், அது புள்ளிக் கணக்கையும் தாண்டிய சண்டை. ஆக, வுல்வ்ஸோடு முடியும் முதல் எட்டு ஆட்டத்தில் 10 புள்ளி வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 6-க்குக் கீழே என்றால் ரொட்டி சானாய்க்கு இப்போதே காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

சனிக்கிழமை, 2025 ஆகஸ்ட் 16, நம் நேரம் இரவு 10 மணிக்கு வெஸ்ட் ஹாமோடு ஆட்டம். கோலை எண்ணாதீர்கள், முதல் இருபது நிமிஷம் பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஷாக்கா எங்கே நிற்கிறார், கம்பத்தில் நிற்பது ரூஃப்ஸா பாட்டர்சனா என்று மட்டும் பாருங்கள். பாட்டர்சனே நின்றால் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள், கணிப்பைத் திருத்திக்கொள்கிறேன்.